ஒரே டப்பாவில் இரண்டு பேர் மருந்து

போன வாரம் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து மேனாம்பேடு போகும் ஷேர் ஆட்டோவில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பைக்குள் ஏதோ குலுங்கிக்கொண்டே வந்தது. பள்ளத்துக்கு ஒரு குலுக்கல். உலர்ந்த, எடையே இல்லாத, சின்னச் சின்ன மோதல்கள். புளியங்கொட்டை இப்படிச் சத்தம் போடாது. முக்கால்வாசி தீர்ந்துபோன கேப்சூல்கள், மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் கிடந்தால் மட்டும்தான் அப்படிக் கேட்கும். பதினோரு வருடம் அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவள் நான். உள்ளே எத்தனை இருக்கும் என்று காது தானாகவே கணக்குப் போட்டது. ஒன்பது. இல்லை, பத்து.

இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கினேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு பழைய குழப்பம் உண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் வேறு எதையாவது எழுதிக் கொடுத்துச் சமாளித்திருக்கிறேன். இந்த முறை அதையே எழுதிவிடுகிறேன். தெளிவு கிடைக்கும் என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

1. போஸ்ட்மேன்

நான் கிளினிக்கல் ட்ரையல் கோஆர்டினேட்டர். இன்னும் கடைக்கு வராத மருந்தை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் இடத்தில், டாக்டருக்கும் கம்பெனிக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கும் நடுவில் நிற்கிற ஆள். ஃபைல் என்னுடையது. போன் என்னுடையது. "மேடம், இன்னிக்கி வெறும் வயித்துல வரணுமா?" என்ற கேள்வியும் என்னுடையது.

அம்பத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மாடியில் எங்கள் யூனிட். அங்கே வந்த ட்ரையல்களில் ஒன்றுதான் இது. வயதானதாலோ நோயாலோ தசை கரைந்து போனவர்களுக்கான மருந்து. அதற்குப் பெயர் கிடையாது, ஒரு எண்தான். வகைக்கு மட்டும் பெயர் உண்டு: செலக்டிவ் ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் மாடுலேட்டர். அம்பத்தூர் ஸ்டேஷனில் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த ஸ்டேஷன் பட்டரவாக்கமே வந்துவிடும். சுருக்கி 'சார்ம்' என்போம். இதே வகைச் சரக்கை உடம்பு ஏற்றுவதற்காகத் திருட்டுத்தனமாக விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு ஜிம்காரர் எனக்கே போன் போட்டு, "நாலு பாட்டில் தனியா கிடைக்குமா மேடம்?" என்று கேட்டார். அங்கே திருட்டுச் சரக்கு, இங்கே பூட்டிய அலமாரியில் டெம்பரேச்சர் எழுதிக் காக்கும் பொருள். முதல் நாளே எனக்கு அது குழப்பம்தான்.

அந்த ட்ரையலுக்கு ஏகாம்பரமும் தேவசகாயமும் ஒன்றாக வந்தார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஏகாம்பரம் மேனாம்பேடு, பழைய ஊர்க்காரர். தேவசகாயம் அதற்கு அடுத்த தெரு. ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு ஏகாம்பரத்தின் தோள் சட்டைக்குள் காணாமல் போயிருந்தது. கையால் அழுத்தினால் பலத்தைக் காட்டுகிற டைனமோமீட்டரைக் கொடுத்தேன். முகம் சிவக்க அழுத்தினார். பதினேழு கிலோ.

தேவசகாயம் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு நீ கை குடுக்கிற மாரி கீது. அழுத்துடா."

அவருக்குப் பத்தொன்பது வந்தது. "சீனியர்," என்று தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

டாக்டர் இருவருக்கும் மருந்தைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். "ஆண் ஹார்மோன் செய்யிற வேலையில ஒரு பகுதிய மட்டும் செய்யணும்னு பண்ணின மருந்து இது. தசை, எலும்பு, இந்த ரெண்டு வீட்டுக் கதவை மட்டும் தட்டணும். பிராஸ்டேட் மாதிரி மத்த வீட்டுக்குப் போகக் கூடாது. அப்படித்தான் எதிர்பார்க்கறோம். சரியா நடக்குதான்னு பாக்கத்தான் இந்த ட்ரையல். ஈரலுக்குத் தொந்தரவு வரலாம். அதனால மாசா மாசம் ரத்தம் எடுப்போம்."

"போஸ்ட்மேன் மாரி," என்றார் தேவசகாயம். "எங்க தெரு போஸ்ட்மேன் எல்லாக் கடுதாசியும் மாத்திதான் போடுவாரு."

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு காரியத்துக்குப் பலம் வேண்டியிருந்தது. மனைவி சரோஜாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், மறுபடி படுக்க வைக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. காய்ச்சலுக்கு முன் தனியாகச் செய்துகொண்டிருந்தார். இப்போது முடியவில்லை. தேவசகாயம் வந்து ஒரு கை கொடுத்தால்தான் ஆகிறது. ஓசூரில் இருக்கும் மகள் கோமதி, பூந்தமல்லி பக்கம் ஒரு ஹோமைப் பார்த்து வைத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் தூக்க முடியாத ஆளுங்க. அம்மாவ கீழ போட்டுட்டா இன்னா பண்ணுவன்னு கேக்கறா," என்றார். "அவ கேக்கறதும் ஞாயந்தான். அதான் வந்தேன்."

கையெழுத்து வாங்கும்போது கேமரா வைத்துப் பதிவு செய்வோம். புரிந்துதான் சம்மதித்தார் என்பதற்கு அத்தாட்சி. அந்த வீடியோவைப் பிறகு நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அதில் நான் சொல்கிறேன்: "பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத சும்மா கேப்சூல், உள்ள மாவு மாதிரி இருக்கும். பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. குலுக்கல் போட்ட மாதிரி."

ஏகாம்பரம் கேட்கிறார்: "பாதிப் பேருக்குத்தான் உண்டா?"

"ஆமா சார்."

"மீதிப் பாதி?"

"அவங்களுக்கும் டெஸ்ட், கவனிப்பு எல்லாம் உண்டு சார்."

அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். பிறகு, "சரி மேடம். பாத்துக்கலாம்," என்கிறார்.

அந்தப் 'பாத்துக்கலாம்' சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். கேமராவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

2. பத்தும் ஒன்பதும்

இருபத்தெட்டு நாளுக்கு ஒரு விசிட். ஒரு பாட்டிலில் முப்பத்தைந்து கேப்சூல் கொடுப்போம். தினம் ஒன்று போக ஏழு மிச்சம் வர வேண்டும். திரும்பி வந்த பாட்டிலை நீலத் தட்டில் கொட்டி, ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணி எழுதுவது என் வேலை. பில் கவுண்ட்.

முதல் விசிட்டில் இருவருக்கும் ஏழு, ஏழு. இரண்டாவது விசிட்டிலும் ஏழு, ஏழு. மற்றவர்கள் எல்லாம் ஆறு, ஒன்பது, பதினொன்று என்று கொண்டு வருவார்கள். சிலர் பாட்டிலையே பஸ்ஸில் விட்டுவிட்டு வருவார்கள். இவர்களிடம் கணக்கு மில்லில் அரைத்த மாதிரி வந்தது. பெங்களூரிலிருந்து ஃபைல் சரிபார்க்க வருகிற மானிட்டர், "இந்த ரெண்டு பேரும் ஜெம்," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது விசிட்டுக்கு வந்தபோது தேவசகாயம் மழிக்காத தாடியோடு சோர்ந்திருந்தார். திருவள்ளூரில் மச்சினன் தவறிவிட்டாராம். போட்ட சட்டையோடு ஓடி, ஐந்து நாள் அங்கேயே இருந்திருக்கிறார். "மருந்து எடுத்துனு போவல மேடம். அஞ்சு நாளு கட்." அவராகவே நேர்மையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

அப்படியானால் அவர் பாட்டிலில் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு இருக்க வேண்டும். கொட்டினேன். ஐந்து, பத்து. அவ்வளவுதான். தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். பத்து.

ஏகாம்பரத்தின் பாட்டிலைக் கொட்டினேன். ஏழு இருக்க வேண்டும். ஒன்பது இருந்தது.

"நீங்க எதாவது நாள் விட்டுட்டீங்களா சார்?"

"ஒரு நாளும் உடல மேடம்."

பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. பன்னிரண்டும் ஏழும் பத்தொன்பது. சேர்த்துப் பார்த்தால் ஒரு கேப்சூல்கூடத் தப்பவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தப்பு. பதினோரு வருடத்தில் கணக்கு பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரே நேரத்தில் பொய்யும் உண்மையும் சொல்லிப் பார்த்ததில்லை.

"சார், மருந்தை வீட்ல எப்படி வெச்சிருக்கீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மறைக்க வேண்டியது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஏகாம்பரம் சாதாரணமாகச் சொன்னார்: "சில்வர் டப்பாவுல. எங்க ஊட்டுலதான் கீது. ரெண்டு பாட்டிலையும் அதுல கொட்டி நல்லா கலக்கிட்டோம். காலீல இவன் வருவான். சரோஜாவ ரெண்டு பேரும் தூக்கி உக்கார வெப்போம். அப்பால ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் போட்டுக்குவோம். இங்க வரும்போது மிச்சத்த ரெண்டு பாட்டில்லயும் சமமா போட்டுக்கினு வருவோம். இந்த வாட்டி ஒத்தப்படையா பூட்ச்சி."

"ஏன் சார் கலக்கினீங்க?"

"நீதானம்மா சொன்ன, பாதிப் பேருக்குத்தான் மருந்துன்னு."

அடுத்த கால் மணி நேரம் தேவசகாயம்தான் பேசினார். ஒரு காலத்தில் எஸ்டேட்டில் ஆர்டர் படுத்துவிட்டது. பிரஸ் ஷாப்பில் நாற்பது பேரில் இருபது பேருக்குத்தான் வேலை என்று நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டிவிட்டார்கள். பெயர் இருக்கிறவன் உள்ளே, இல்லாதவன் கேட்டுக்கு வெளியே. "இவன் பேரு போர்டுல இருந்திச்சி. என் பேரு இல்ல." தொழிலாளிகள் கூடிப் பேசினார்கள். பெயர் இருக்கிற ஒருவனும் இல்லாத ஒருவனும் ஜோடி. வாரத்தில் முதல் மூன்று நாள் ஒருவன், பின் மூன்று நாள் மற்றவன். மேனேஜர் முதலில் கத்திவிட்டு, பிறகு சரி என்றார். எட்டு மாதம் அப்படி ஓடியது. "ரெண்டு ஊட்லயும் அரை வயிறு. ஒரு ஊட்லயும் காலி வயிறு இல்ல."

ஏகாம்பரம் முடித்து வைத்தார். "இதுவும் அதே போர்டுதானே மேடம். எவன் பேரு கீதுன்னு தெரியல, அவ்ளோதான். கலக்கிட்டா ஒருத்தனும் மோசம் போவ மாட்டான்."

நான் குலுக்கல் என்று சொன்னதை அவர்கள் லே-ஆஃப் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டதில் பிழை என்றும் சொல்ல முடியவில்லை.

3. இரண்டு கேப்சூல்

இதை எழுத வேண்டும். எழுதினால் இருவரையும் ட்ரையலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதைச் சொன்னேன்.

ஏகாம்பரம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "எடுத்துட்டா மருந்து?"

"கிடையாது சார்."

"கடையில?"

"கடைக்கு இன்னும் வரல சார்."

அவர் தன் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். "மேடம், இவன் திருவள்ளூர் போன அஞ்சு நாளு ஊட்ல யாரும் இல்ல. மொத நாளு பயந்துகினே கைய உட்டேன். தூக்கிட்டேன். ஒண்டியா. அவ என் கழுத்தப் புடிச்சிகினு, 'பரவால்லியே, ரவுடி'ன்னா. அஞ்சு நாளும் நான்தான். கோமதிக்கு போன் போட்டு சொன்னேன். 'அப்பிடியா, அப்ப ஹோமுக்கு சொல்லி நிறுத்தி வெக்கிறேன்'னா. இப்பப் போயி நிறுத்தினா நா இன்னா சொல்லுவேன் அவ கிட்ட?"

அன்று அவர் கை அழுத்தம் இருபத்தொன்று.

தேவசகாயம் மெதுவாகச் சொன்னார்: "என்னிய எடுத்துடு மேடம். நா சும்மா தொணைக்கு வந்தவன். இவன உட்டுடு."

யாரையும் தனியாக எடுக்க முடியாது என்பதை எப்படி விளக்குவது? கலந்த மருந்தில் யார் பெயரை அடித்தாலும் இருவரும் அடிபடுவார்கள். விளக்கிப் பார்த்தேன். அவர்கள் தலையாட்டினார்கள். எனக்கே புரியாத மாதிரி இருந்தது.

தட்டில் இரண்டு குவியல். இந்தக் குவியலிலிருந்து இரண்டை அந்தக் குவியலுக்குத் தள்ளினால் ஏழும் பன்னிரண்டும் ஆகிவிடும். இரண்டே இரண்டு. மாத்திரை தள்ளுகிற ஸ்பாட்டுலாவின் நுனி போதும்.

தள்ளினேன். கண்ணாடி மேல் தண்ணீர் போவது மாதிரி போயின. ஏழு என்று எழுதினேன். பன்னிரண்டு என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இனிமேல் அவரவர் பாட்டில், அவரவர் மருந்து, டப்பா கூடாது என்று இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டேன். புதுப் பாட்டில்களைக் கொடுத்தேன். ரத்தம் எடுத்து அனுப்பினேன். மத்தியானம் நிம்மதியாகத் தயிர் சாதம் சாப்பிட்டேன். அந்த நிம்மதிதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, செய்த காரியம்கூட அவ்வளவு இல்லை.

4. ரிப்போர்ட்

மறுநாள் காலை லேப் ரிப்போர்ட் வந்தது. தேவசகாயத்தின் எஸ்.ஜி.பி.டி., ஈரல் நோகிறதா என்று காட்டுகிற அளவு, உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. ஏகாம்பரத்துக்குச் சாதாரணம்.

டாக்டர் உள்ளே நுழைவதற்கு முன் பத்து நிமிடம் எனக்குக் கிடைத்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் நினைத்ததை எல்லாம் எழுதினால் இந்தக் குறிப்பு போதாது. ஃபைலில் இருக்கிறபடி பார்த்தால் காரியம் எளிது. தேவசகாயத்துக்கு மருந்தை நிறுத்தலாம், மறுபடி ரத்தம் எடுக்கலாம், ஏகாம்பரம் தொடரலாம். ஆனால் ஃபைலில் இருப்பது நான் எழுதியது. நிஜ மருந்து ஏகாம்பரத்தின் பாட்டிலில் இருந்திருந்தால்? இதுவரை இருவரும் பாதிப் பாதி தின்றார்கள். நான் வாக்கு வாங்கிய நாளிலிருந்து அவர் மட்டும் முழுசாகத் தின்பார். பாதி அளவுக்கே ஒருவரின் ஈரல் இப்படி ஆனது என்றால், முழு அளவு இன்னொரு ஈரலை என்ன செய்யும்? காப்பாற்றுவதாக நினைத்து அவருடைய அளவை இரட்டிப்பாக்கி அனுப்பியிருக்கிறேனோ?

அல்லது இரண்டு பாட்டிலிலும் மாவாக இருக்கலாம். இரண்டிலும் மருந்தாக இருக்கலாம். எதுவுமாகவும் இருக்கலாம்.

டாக்டரிடம் சொன்னேன். டப்பாவைச் சொன்னேன். பிறகு இதையும் சொன்னேன்.

"நீங்களே மாத்தி எழுதினீங்களா?"

"ஆமா டாக்டர்."

"எத்தனை?"

"ரெண்டு."

அவர் கத்துவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மொதல்ல போய் பாட்டிலை வாங்கிட்டு வாங்க. ரெண்டு பேரையும் இன்னிக்கே நிறுத்தணும். மிச்சத்தை அப்புறம் பேசலாம்."

என் வீட்டிலிருந்து ஏகாம்பரத்தின் வீடு நாலு தெருதான். போனபோது தேவசகாயமும் இருந்தார். சரோஜாவை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஜன்னலோரம் நாற்காலியில், ஒரு பக்கம் தலையணை அடைகொடுத்து உட்கார்ந்திருந்தார். அலமாரியில் இரண்டு பாட்டில்களும் தள்ளித் தள்ளி நின்றன. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, மாறிவிடக் கூடாது என்று. நடுவில் கவிழ்த்து வைத்த சில்வர் டப்பா. வாக்கைக் காப்பாற்றியிருந்தார்கள்.

தேவசகாயத்திடம் ஈரல் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்து, "காரியத்துக்கு நின்னு நின்னு முட்டி வலிச்சிது. திருவள்ளூர்ல மெடிக்கல் ஷாப்புல ஏதோ வாங்கிப் போட்டேன். வெள்ளையா இருந்திச்சி. தெனம் மூணு," என்றார்.

"என்ன மாத்திரை சார்?"

"வெள்ளை மேடம்."

அந்த வெள்ளை மாத்திரையா, எங்கள் மருந்தா? குழப்பத்துக்கு ஒரு கதவு போதாதென்று இன்னொன்றும் திறந்தது.

ஏகாம்பரம் இரண்டு பாட்டிலையும் எடுத்து என் பையில் போட்டார். சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிய பேச்சு. ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"என்னிய ஒருத்தியத் தூக்க... இத்தினி ஆபீசா?"

தேவசகாயம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

5. ஒரு கோடு

எங்கள் தொழிலில் எழுத்துப் பிழைக்கு ஒரு முறை உண்டு. அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, இன்றைய தேதி, காரணம்.

ஏழின் மேல் கோடு போட்டு ஒன்பது. பன்னிரண்டின் மேல் கோடு போட்டுப் பத்து. காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. 'கவனக்குறைவு' என்று எழுதினால் முடிந்தது. யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் என் வேலைக் காலத்தில் அன்றைக்கு அளவுக்கு நான் கவனமாக இருந்ததே இல்லை. கடைசியில், 'தெரிந்தே மாற்றினேன்' என்று எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

எதிக்ஸ் கமிட்டிக்குக் கடிதம் போனது. மானிட்டர் வந்தார், பெரிய விதிமீறல் என்பதற்கு 'மேஜர்' என்று ஒரு வார்த்தையை எழுதினார். அந்த ட்ரையலிலிருந்து என்னை எடுத்தார்கள். இவர்கள் இருவரின் கடைசிப் பரிசோதனையை மட்டும், டாக்டர் பக்கத்தில் உட்கார, நான் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று டாக்டரே கேட்டு வாங்கினார். யாருக்கு எந்த மருந்து என்று பிரித்துச் சொல்லுங்கள் என்று கம்பெனிக்கு எழுதினோம். மருந்தை நிறுத்தியாகிவிட்டது, நோயாளிக்கு ஆபத்து இல்லை, ஆகவே பிரித்துச் சொல்ல மருத்துவக் காரணம் இல்லை என்று பதில் வந்தது. விதிப்படி அது சரி. பிறகு அந்த ட்ரையலையே கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. மின்னஞ்சல் முகவரியும் வேலை செய்யவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சம்மதம் வாங்கும்போது, புரிந்ததா என்று கேட்காதீர்கள். எல்லாரும் புரிந்தது என்பார்கள். "வீட்டுக்குப் போனதும் இந்தப் பாட்டிலை எங்கே வைப்பீர்கள்? யார் யார் வருவார்கள்? எப்போது எடுத்துப் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். அதைக் கேட்டிருந்தால் முதல் நாளே எனக்கு அந்த டப்பா தெரிந்திருக்கும். இன்னொன்று: இரக்கம் வந்தால் அதை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசுங்கள், தட்டில் கை வைக்க விடாதீர்கள். இதைச் சொல்லும்போதே, அன்று நான் தள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே ரிப்போர்ட்தான் வந்திருக்கும். அதே பாட்டில்கள்தான் என் பைக்கு வந்திருக்கும். ஒரே ஒரு நாள் முன்னதாக. அந்த ஒரு நாளை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

6. கடைசி விசிட்

நாலு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். தேவசகாயத்தின் ஈரல் வரம்புக்குள் திரும்பியிருந்தது. எங்கள் மருந்தை நிறுத்தியதாலா, வெள்ளை மாத்திரையை நிறுத்தியதாலா, இரண்டும் ஒரே வாரத்தில் நின்றதால் சொல்ல முடியாது. ஏகாம்பரத்தின் கை அழுத்தம் இருபது. இருபத்தொன்றிலிருந்து விழுந்ததா, பதினேழிலிருந்து எழுந்து நிற்கிறதா? டாக்டரைப் பார்த்தேன். "கருவியே ஒரு கிலோ முன்னபின்ன காட்டும்," என்றார்.

கடைசிக் கையெழுத்து முடிந்தது. டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். தேவசகாயம் படியிறங்கி, கீழேயிருந்து, "டேய், வெயிலுக்கு மின்ன கெளம்புடா," என்று குரல் கொடுத்தார். ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

"ஊட்லதான் கீறா. கோமதி இந்த மாசம் பாத்துட்டு ஹோமுக்கு முடிவு சொல்றேன்னு சொல்லிக்கீறா." அவர் உள்ளங்கைகளைப் பார்த்தார். "நாந்தான் தூக்கறேன். ஆனா முன்ன மாரி இல்ல மேடம். அவ முதுகுக்கு அடீல கைய உடும்போதே ஒரு ரோசன வந்துடுது. அன்னிக்கித் தூக்குனது மருந்தா இருந்தா? அது இப்ப இல்லியே, உட்டுட்டா? அந்த ரோசன வந்தவொடனே கை நடுங்குது. காச்சல் அடிச்சி எழுந்தப்பக்கூட இப்டி நடுங்கல."



"அது வெறும் மாவுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அப்ப தூக்குனது நானு. நா தூக்கிக்குவேன்."

சொல்லிவிடலாம். ஏழு, பன்னிரண்டு என்று எழுதிய அதே ஆள்தானே நான். மேசை மேல் ஃபைல் திறந்திருந்தது.

"எனக்குத் தெரியாது சார். நெஜமா தெரியாது."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது. கம்பெனி சொல்லவே இல்ல."

"அப்ப மாவாவும் இருக்கலாம்."

"இருக்கலாம் சார்," என்றேன். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல், "மருந்தாவும் இருக்கலாம்," என்றேன்.

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தொடாமல் எழுந்து நின்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"பின்னால சொன்னியே, அது எனக்குக் காதுல உழல. வரேம்மா."